பாயிண்டைக் கழற்றி மாட்யூல் போட்ட பிறகு: பழைய கார் அடம்பிடித்தால் எங்கிருந்து தேடுவது

பழைய காரின் டிஸ்ட்ரிபியூட்டரில் (ஸ்பார்க்கை ஒவ்வொரு பிளக்குக்கும் முறைப்படி பிரித்தனுப்பும் பாகம்) பாயிண்டையும் கண்டென்சரையும் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் மாட்யூல் மாட்டுவது அரை மணி நேர வேலை. இரண்டு ஸ்குரூ, ஒரு காந்த வளையம், ஸ்பார்க்குக்கான உயர் வோல்ட்டேஜை உண்டாக்கும் காயிலுக்குப் போகும் இரண்டு வயர், அவ்வளவுதான். வண்டி கிளம்பிவிட்டால் சந்தோஷம். கிளம்பாவிட்டாலோ, பத்து நாள் நன்றாக ஓடிவிட்டு நடுவழியில் நின்றுபோனாலோ, எல்லாரும் கைகாட்டுவது புதிதாக வந்த அந்தக் கறுப்புப் பெட்டியைத்தான். என் கைக்கு வந்த வண்டிகளில் பெரும்பாலும் பெட்டியில் பழுதில்லை. அதைச் சுற்றியிருந்த எர்த்தில், வந்து சேர்ந்த வோல்ட்டேஜில், பொருந்தாத காயிலில், ஐம்பது வருஷம் சுற்றித் தேய்ந்த டிஸ்ட்ரிபியூட்டரில்தான் பழுது இருந்தது.

இதற்குக் காரணம் உண்டு. சார்லஸ் கெட்டரிங் வடிவமைத்து 1910-ஆம் ஆண்டு கேடிலாக்கில் வந்த பாயிண்ட் இக்னிஷனில், பாயிண்ட் என்பது வெறும் சுவிட்ச். அதற்கென்று தனியாகக் கரண்ட் வேண்டாம். பிளஸ் எது மைனஸ் எது என்று அது பார்ப்பதில்லை. செல்ஃப் இழுக்கும்போது பாட்டரி எட்டு வோல்ட்டுக்கு இறங்கினாலும் திறந்து மூடிக்கொண்டே இருக்கும். மாட்யூலுக்குள் இருப்பதோ ஒரு ஹால் சென்சாரும் ஒரு பவர் டிரான்சிஸ்டரும். சுற்றும் காந்தத்தை உணர்ந்து காயிலின் கரண்டை வெட்டுவது அவற்றின் வேலை. அந்த வேலையைச் செய்ய அவற்றுக்கே சுத்தமான பிளஸ் வேண்டும், சுத்தமான எர்த் வேண்டும். பாயிண்ட் இத்தனை வருஷம் பொறுத்துப்போன குறைகளை மாட்யூல் ஒரு நாள்கூடப் பொறுக்காது.

அதனால் எந்த அறிகுறியாக இருந்தாலும் முதலில் மல்டிமீட்டரை எடுங்கள். கையில் மீட்டரும் டைமிங் லைட்டும் (ஸ்பார்க் எந்த நேரத்தில் விழுகிறது என்று காட்டும் விளக்கு), பிளக் வயரில் செருகும் ஒரு ஸ்பார்க் டெஸ்டரும் இருந்தால் கீழே சொல்லும் எல்லாவற்றையும் செய்துவிடலாம். ஒரு எச்சரிக்கை: ஸ்பார்க் வருகிறதா என்று பார்க்க பிளக் வயரைக் காற்றில் தொங்கவிட்டுச் செல்ஃப் அடிக்கும் பழைய பழக்கத்தை விட்டுவிடுங்கள். இறங்க வழியில்லாத உயர் மின்னழுத்தம் காயிலின் இன்சுலேஷனையோ மாட்யூலையோ துளைத்துவிடும். சில பத்தாயிரம் வோல்ட் வரும் இடம் அது. பேஸ்மேக்கர் வைத்திருப்பவர்கள் ஓடும் என்ஜினின் இக்னிஷன் பக்கம் குனியவே கூடாது.

வாங்கும்போதே உள்ளே வந்துவிடும் கோளாறு

பாதி பிரச்சினை பார்சலைப் பிரிக்கும்போதே வண்டிக்குள் வந்துவிடுகிறது. கார் பெயரையும் வருஷத்தையும் மட்டும் சொல்லி மாட்யூல் வாங்காதீர்கள். அந்த வயதுக் காரில் இப்போது உட்கார்ந்திருக்கும் டிஸ்ட்ரிபியூட்டர், தொழிற்சாலையில் வந்ததுதான் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. டிஸ்ட்ரிபியூட்டரின் உடம்பைத் துடைத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். லூகாஸ் என்றால் 25டி4, 45டி4 போன்ற மாடலும், அதனுடன் ஒரு பாகம் எண்ணும், எந்த வாரம் எந்த வருஷம் செய்தது என்பதும் பொறித்திருக்கும். 25டி-க்குச் செய்த காந்த வளையம் 45டி-யின் தண்டில் சரியாக உட்காராது. பாஷ், டெல்கோ, மரெல்லி எல்லாவற்றுக்கும் இதே கதைதான். பொறித்த எண்ணை எழுதிக்கொண்டு, அந்த எண்ணுக்கு எந்த கிட் என்று கேளுங்கள்.

அடுத்து, பாட்டரியின் எந்த முனை பாடியில் முறுக்கியிருக்கிறது என்று கண்ணால் பாருங்கள். புத்தகத்தை நம்ப வேண்டாம். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பிளஸ்தான் எர்த். எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் 1967 வரை அப்படித்தான் வந்தது. பிறகு யாரோ ஒரு உரிமையாளர் மைனஸ் எர்த்தாக மாற்றியிருப்பார், அல்லது மாற்றியதாக நினைத்துக்கொண்டிருப்பார். மைனஸ் எர்த் மாட்யூலை பிளஸ் எர்த் வண்டியில் இணைத்துச் சாவியைத் திருப்பினால் அந்த நொடியே அது போய்விடும். வோல்ட்டேஜும் அப்படியே: 1960-களின் நடுப்பகுதி வரையான வோக்ஸ்வேகன் பீட்டில் ஆறு வோல்ட் வண்டி. பன்னிரண்டு வோல்ட் கிட் அதில் கண் விழிக்காது.

மூன்றாவது காயில். இதில் தவறு செய்பவர்கள்தான் அதிகம், அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். காயிலின் இரண்டு சின்ன வயர்களையும் கழற்றிவிட்டு, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது பிளஸ் மைனஸ் முனைகளுக்கு இடையே ஓம் அளவெடுங்கள். அதற்கு முன் மீட்டரின் இரண்டு ஊசிகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். 0.3, 0.4 ஓம் என்று காட்டும். அது மீட்டர் வயரின் சொந்தத் தடை, அதைக் கழித்துக்கொள்ள வேண்டும். மூன்று ஓம் பக்கம் வந்தால் பாலாஸ்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தடை) இல்லாமல் நேராக ஓடும் காயில். ஒன்றரை ஓம் வந்தால் பாலாஸ்ட் ரெசிஸ்டரோடு ஓட வேண்டிய காயில். 12.6 வோல்ட்டில் மூன்று ஓம் காயில் இழுப்பது சுமார் 4 ஆம்பியர். ஒன்றரை ஓம் காயிலை நேராகக் கொடுத்தால் 8 ஆம்பியருக்கு மேல். நாலு ஆம்பியருக்கு எழுதிக்கொடுத்த டிரான்சிஸ்டர் எட்டைச் சுமக்காது. பெர்ட்ரானிக்ஸ் இக்னைட்டர் முதல் வகைக்கு நாலு, ஆறு சிலிண்டர் என்ஜினில் 3 ஓமும், எட்டு சிலிண்டரில் 1.5 ஓமும் வேண்டும். அவர்களுடைய இரண்டாம் வகையோ 0.6 ஓம் காயிலுக்காகச் செய்தது. ஒரே கம்பெனியின் இரண்டு பெட்டிகளுக்கே இவ்வளவு வித்தியாசம். உங்கள் கிட்டோடு வந்த தாளில் காயில் ஓம் என்ன போட்டிருக்கிறது என்பதைத் தேடிப் படியுங்கள். அந்தத் தாளே இல்லாமல், பெயரும் எண்ணும் இல்லாத பிளாஸ்டிக் உறையில் மாட்யூல் வந்தால், விலை எவ்வளவு இறங்கினாலும் நான் வாங்க மாட்டேன்.

முழு டிஸ்ட்ரிபியூட்டரையே புதிதாக, மாட்யூலோடு சேர்த்து விற்கிறார்களே, அதை வாங்கலாமா என்று கேட்பார்கள். தண்டும் புஷ்ஷும் ஆடுகிற அளவு தேய்ந்திருந்தால் வாங்கலாம். ஆனால் அதன் அட்வான்ஸ் (வேகம் ஏற ஏற, எடையும் ஸ்பிரிங்கும் கொண்டு ஸ்பார்க்கை முன்கூட்டியே விழவைக்கும் அமைப்பு) எந்த என்ஜினுக்கு அமைத்தது என்று கேட்டு வாங்குங்கள். பத்து மாடல் காருக்கும் பொருந்தும் என்று எழுதியிருந்தால், பத்துக்கும் ஒரே எடை, ஒரே ஸ்பிரிங் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். அது உங்கள் என்ஜினின் கணக்காக இருக்க வாய்ப்பு குறைவு.

அறிகுறி: செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்பார்க்கே இல்லை

சாவியைப் போட்டு, காயில் பிளஸ்ஸுக்கும் பாட்டரி மைனஸுக்கும் இடையே அளவெடுங்கள். பாலாஸ்ட் இல்லாத வண்டியில் பாட்டரி வோல்ட்டேஜுக்கு அரை வோல்ட்டுக்கு மேல் குறையக் கூடாது. அடுத்து மீட்டரை காயில் மைனஸுக்கு மாற்றி, பிளக்குகளைக் கழற்றிவிட்டு என்ஜினைக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். காந்தம் சென்சாரைக் கடக்கும்போது மீட்டர் ஒரு வோல்ட் பக்கத்திலிருந்து பன்னிரண்டுக்குத் தாவும், மறுபடி இறங்கும். தாவினால் மாட்யூல் உயிரோடு இருக்கிறது. ஸ்பார்க் அதற்குப் பிறகு எங்கோ தொலைகிறது. நிற்கும் என்ஜினில் காயிலைத் தானே அணைத்துவிடும் மாட்யூல்களில் இந்தச் சோதனை பலிக்காது. அவற்றைச் செல்ஃபில் சுற்றித்தான் பார்க்க வேண்டும்.

மீட்டர் அசையாமல் பன்னிரண்டிலேயே நின்றால், மாட்யூலைக் குறை சொல்வதற்கு முன் எர்த்தைப் பாருங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் மாட்யூல் உட்காரும் தட்டு, வேக்குவம் அட்வான்ஸுக்காக, அதாவது என்ஜின் உறிஞ்சும் வெற்றிடத்தால் ஸ்பார்க் நேரத்தை நகர்த்த, திரும்பும் தட்டு. அதிலிருந்து உடம்புக்கு இரண்டு அங்குல நீளத்தில் ஒரு சின்ன வயர் போகும், துணி நெய்த உறையோடு. பாயிண்ட் காலத்தில் அந்த வயர் அறுந்தாலும் தட்டு உராயும் இடங்கள் வழியாக எப்படியோ எர்த் கிடைத்துக்கொண்டிருந்தது. ஒரு வண்டியில் மாட்யூல், காயில், ரோட்டார் (டிஸ்ட்ரிபியூட்டர் தண்டின் மேல் சுற்றி ஸ்பார்க்கைப் பிரித்துக் கொடுக்கும் துண்டு) என்று வரிசையாக மாற்றிவிட்டு என்னிடம் கொண்டுவந்தார்கள். அந்த வயர் பார்க்க முழுசாகவே இருந்தது. குறடால் இரண்டு பக்கமும் பிடித்து லேசாக இழுத்தேன், ரப்பர் மாதிரி நீண்டது. உறையைப் பிளேடால் கீறிப் பார்த்தால் உள்ளே செம்பு இழைகள் எல்லாம் நடுவில் அறுந்து, பச்சைத் தூளாகக் கிடந்தன. துணி மட்டுமே இரண்டு முனையையும் பிடித்துக்கொண்டிருந்தது. மீட்டர் சோதனை இதுதான்: சாவி போட்டு, ஒரு ஊசி அந்தத் தட்டில், மறு ஊசி பாட்டரி மைனஸில். கரண்ட் ஓடும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. மாற்றும்போது பல மெல்லிய இழைகள் கொண்ட வளையும் வயரையே போடுங்கள். தடித்த வயர் தட்டைத் திரும்ப விடாது, சில மாதங்களில் முறிந்தும் போகும். என்ஜினுக்கும் பாடிக்கும் இடையே போகும் எர்த் பட்டையையும் அதே கையோடு சுரண்டிச் சுத்தம் செய்துவிடுங்கள்.

எர்த்தும் சரி, பிளஸ்ஸும் சரி என்றால் காந்தத்துக்கும் சென்சாருக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். கிட்டோடு ஒரு பிளாஸ்டிக் சீட்டு கொடுத்திருப்பார்கள், அதுதான் அளவு. தொலைந்துவிட்டால் தாளில் போட்ட அளவுக்கு பிளாஸ்டிக் துண்டு ஒன்றைத் தேடுங்கள். இரும்பு ஃபீலர் கேஜ் காந்தத்தில் ஒட்டிக்கொண்டு கையை ஏமாற்றும்.

மீட்டர் தாவுகிறது, ஆனாலும் பிளக்கில் ஸ்பார்க் இல்லை என்றால் சந்தேகம் ரோட்டார் மேல். புதிதாகச் செய்து விற்கும் ரோட்டார்களில் ஒரு பரவலான குறை உண்டு: மேலே உள்ள பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட், கீழே தண்டைப் பிடிக்கும் ஸ்பிரிங்குக்கு மிக அருகில் இறங்கியிருக்கும். நடுவில் இருக்கும் பிளாஸ்டிக் மெல்லியது. மாட்யூலும் புதுக் காயிலும் தரும் பலமான ஸ்பார்க் அந்த மெல்லிய இடத்தைத் துளைத்துத் தண்டு வழியாக எர்த்துக்கு இறங்கிவிடும். வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாது. சோதனை பழையது, ஆனால் ஏமாற்றாது: டிஸ்ட்ரிபியூட்டரின் மேல்மூடியான கேப்பைக் கழற்றி, ரோட்டாரை அதன் இடத்திலேயே விட்டு, காயிலிலிருந்து வரும் தடித்த வயரின் முனையை இன்சுலேட்டட் குறடால் பிடித்து ரோட்டாரின் நடுத் தகட்டுக்கு மேலே ஐந்தாறு மில்லிமீட்டர் உயரத்தில் வையுங்கள். இன்னொருவர் செல்ஃப் அடிக்கட்டும். ரோட்டார் நன்றாக இருந்தால் ஸ்பார்க் தொடர்ந்து தாவாது, தாவிப் போக இடமில்லை. கொழுத்த ஸ்பார்க் டக் டக்கென்று தாவிக்கொண்டே இருந்தால் அது தண்டுக்குள் இறங்குகிறது, ரோட்டார் ஓட்டை. சோதனையை நாலைந்து சுற்றோடு நிறுத்திவிடுங்கள். மாற்று வாங்கும்போது ரிவெட் இல்லாமல் வார்த்த ரோட்டாராகக் கேளுங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. சில கிட்டுகளில் காந்த வளையம் முழுதாக இறங்காவிட்டால் ரோட்டார் ஒரு மில்லிமீட்டர் உயர்ந்து உட்காரும். கேப்பின் உள்பக்கம், பிளக் வயர்களுக்குப் போகும் உலோகத் தூணில் உரசிய பளபளப்பு, அல்லது நடுக் கரி உடைந்து கறுப்புத் தூள் சிதறியிருந்தால் அதுதான் நடந்திருக்கிறது.

அறிகுறி: சாவியை விடும் நொடியில் மட்டும் ஒரு முறை வெடிக்கிறது, அல்லது செல்ஃபில் கிளம்பி, சாவியை விட்டதும் அணைகிறது

இந்த இரண்டும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருக்கும், காரணம் நேர் எதிர். செல்ஃப் சுற்றும்வரை ஒன்றுமில்லை, கையை எடுத்ததும் ஒரு முறை பிடிக்கப் பார்க்கிறது என்றால், செல்ஃப் இழுக்கும் நேரத்தில் மாட்யூலுக்கு வோல்ட்டேஜ் போதவில்லை. மீட்டரை மாட்யூலின் பிளஸ் வயரில் வைத்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பத்து வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் சந்தேகப்படுங்கள், ஒன்பதுக்குக் கீழே போனால் கிட்டத்தட்ட முடிவு. பாட்டரி பலவீனம், செல்ஃப் மோட்டார் அதிகம் இழுப்பது, சுவிட்ச் முனை கருகியது, இவற்றில் ஒன்று. மாட்யூலின் பிளஸ் வயரைப் பாலாஸ்ட் தாண்டி, காயில் பிளஸ்ஸில் செருகிவைத்திருப்பதும் அடிக்கடி பார்ப்பது. காயிலுக்குப் பாலாஸ்ட் வேண்டியிருக்கலாம், மாட்யூலுக்கு வேண்டாம். அதன் பிளஸ் வயரைப் பாலாஸ்டுக்கு முன்னால், சாவி போட்டால் முழு வோல்ட்டேஜ் வரும் இடத்தில் இணையுங்கள். சில வண்டிகளில் பாலாஸ்ட் என்று பார்க்க ஒரு பொருளே இருக்காது. வயரிங்குக்குள்ளேயே தடை வயராக ஓடும். சாவி போட்டு, காயில் ஓடும் நிலையில் காயில் பிளஸ்ஸில் ஆறேழு வோல்ட்தான் காட்டுகிறதென்றால் அப்படி ஒன்று ஒளிந்திருக்கிறது.

எதிர்ப்பக்கம், செல்ஃபில் கிளம்பி சாவியை விட்டதும் அணைந்தால் பாலாஸ்ட் அறுந்துவிட்டது. கிளப்பும்போது மட்டும் பாலாஸ்டைத் தாண்டி வரும் வயர் ஒன்று உண்டு. அது வேலை செய்கிறது, ஓடும்போது வரவேண்டிய வழி அடைந்துவிட்டது. பாலாஸ்டின் இரண்டு முனைக்கும் ஓம் பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

அறிகுறி: குளிரில் தங்கமாக ஓடுகிறது, சூடானதும் நின்றுவிடுகிறது

அரை மணி நேரம் ஓடி, திடீரென்று சுவிட்ச் போட்டு அணைத்த மாதிரி நின்றுபோகும். இருபது நிமிஷம் ஆறவிட்டால் மறுபடி கிளம்பும். இந்த நேரத்தில் பதறாமல் செய்ய வேண்டியது ஒன்றுதான்: நின்ற உடனே, ஆறுவதற்கு முன்னால், ஸ்பார்க் டெஸ்டரைச் செருகிப் பாருங்கள். ஸ்பார்க் பலமாக இருந்தால் இக்னிஷனை விட்டுவிட்டு பெட்ரோல் பக்கம் போங்கள். பெட்ரோல் லைனில் ஆவி அடைப்பதும் இதே வேஷம்தான் போடும். அதில் பொதுவாக வண்டி ஒரேயடியாக நிற்காது, திணறித் திணறி நிற்கும்.

ஸ்பார்க் இல்லை என்றால் காயிலைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு சகஜம். கை வைக்க முடியாத கொதிப்பு என்றால் காயிலுக்கு அளவுக்கு மேல் கரண்ட் போகிறது, முதலில் சொன்ன ஓம் கணக்குக்குத் திரும்புங்கள். காயிலை என்ஜின் பிளாக்கிலேயே மாட்டியிருந்தால் அதை ஓரத்துப் பாடிக்கு நகர்த்துவது நல்லது. காயில் சரியாக இருந்து மாட்யூல் மட்டும் சூட்டில் மயங்குகிறதா என்று தெரிய, வீட்டில் வண்டி ஆறியிருக்கும்போது கேப்பைக் கழற்றி, தலைமுடி உலர்த்தும் டிரையரால் மாட்யூலை மட்டும் சில நிமிஷம் சூடாக்கிவிட்டு, பழையபடி காயில் மைனஸில் மீட்டர் தாவுகிறதா என்று பாருங்கள். சூட்டில் தாவாமல், ஆறியதும் தாவினால் மாட்யூலின் காலம் முடிந்தது. இங்கே மட்டும் எந்தத் தயக்கமும் இல்லாமல் பெட்டியைக் குறை சொல்லலாம். உலோக அடித்தளம் கொண்ட மாட்யூல்களுக்கு அடியில் சூடு கடத்தும் பேஸ்ட் தடவச் சொல்லியிருப்பார்கள். ஜெனரல் மோட்டார்ஸ் 1970-களின் நடுவில் கொண்டுவந்த எச்.ஈ.ஐ. (உயர் ஆற்றல் இக்னிஷன்) மாட்யூலை வெளியே வைத்துப் பயன்படுத்துபவர்கள் பலர் அதை மறந்து, நல்ல மாட்யூலைக் கொன்றிருக்கிறார்கள்.

அறிகுறி: ஐடிலிங் சரி, வேகத்திலும் ஏற்றத்திலும் மிஸ்ஸிங்

ஆக்சிலரேட்டரை மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறுகிறது, பிளக்கில் ஸ்பார்க் தாவ அதிக வோல்ட்டேஜ் வேண்டும். அப்போது பலவீனமான இடம் எங்கே இருக்கிறதோ அங்கே ஒழுகும். இருட்டில் பானெட்டைத் திறந்து என்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். பிளக் வயரிலோ கேப்பிலோ நீல இழைகள் ஊர்ந்தால் கண்ணுக்கே தெரியும். கேப்பின் உள்ளே ஒரு தூணிலிருந்து இன்னொன்றுக்கு பென்சில் கோடு போட்ட மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் துடைத்துப் பயனில்லை, கேப்பை மாற்ற வேண்டும்.

மாட்யூல் போட்ட வண்டிகளுக்கே உரிய ஒன்று பிளக் வயர். பழைய கார்க்காரர்களுக்கு உள்ளே செம்புக் கம்பி ஓடும் வயர் மேல் தனிப் பிரியம். பாயிண்டுக்கு அது தகும். மாட்யூலுக்கு அது எதிரி. செம்புக் கம்பியிலிருந்து கிளம்பும் ரேடியோ இரைச்சல் சென்சாரைக் குழப்பி, நேரம் தவறி ஸ்பார்க் போட வைக்கும். மிஸ்ஸிங், பேக் ஃபயர், என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் டாக்கோமீட்டர் முள்ளின் நடுக்கம் எல்லாம் சேர்ந்து வந்தால் முதல் சந்தேகம் இதுவாக இருக்கட்டும். கார்பன் வயரோ, சுருள் சுற்றிய ரெசிஸ்டிவ் வயரோ போடுங்கள், அல்லது ரெசிஸ்டர் உள்ள பிளக் போடுங்கள். என்ஜிகே-யில் பிபி6இஎஸ் என்பது ரெசிஸ்டர் இல்லாதது, பிபிஆர்6இஎஸ் என்பது உள்ளது. நடுவில் அந்த ஆர் என்ற எழுத்துதான் வித்தியாசம். பிளக் முனைகளின் இடைவெளியை 0.6 மில்லிமீட்டரிலிருந்து 0.9 வரை அகலமாக்கலாம் என்று கிட் தாளில் இருக்கும். எல்லாம் புதிதாகவும் சரியாகவும் இருந்தால் மட்டும் செய்யுங்கள். பழைய கேப், பழைய வயரோடு அகலமாக்கினால் இல்லாத மிஸ்ஸிங்கை நீங்களே வரவழைக்கிறீர்கள்.

இரண்டு வயரும் உள்ளே எங்கே உரசுகின்றன என்பதையும் பாருங்கள். மாட்யூலின் வயரைக் கொஞ்சம் தொய்வாக விட்டால் தண்டில் உரசி உறை தேயும். இறுக்கமாக விட்டால் வேக்குவம் தட்டு திரும்பும்போதெல்லாம் இழுபட்டு, உறைக்குள்ளேயே இழை அறுந்துபோகும். வாயால் வேக்குவம் குழாயை உறிஞ்சிப் பாருங்கள்: தட்டு தடையில்லாமல் திரும்ப வேண்டும். குழாய் முனையை நாக்கால் அடைத்தால் அப்படியே நிற்க வேண்டும், விட்டதும் முழுதாகத் திரும்பி வர வேண்டும். நிற்காமல் வந்தால் உள்ளே டயஃபிரம் கிழிந்திருக்கிறது.

அறிகுறி: ஓடுகிறது, ஆனால் இழுவை இல்லை, அல்லது ஏற்றத்தில் நாக்கிங்

மாட்யூல் போட்ட பிறகு டைமிங் பார்த்தீர்களா? பார்க்கவில்லை என்றால் வேறு எதையும் தேட வேண்டாம். பாயிண்ட் திறக்கும் கோணமும் காந்தம் சென்சாரைக் கடக்கும் கோணமும் ஒன்றல்ல. டிஸ்ட்ரிபியூட்டரை அசைக்கவே இல்லை என்றாலும் டைமிங் பல டிகிரி நகர்ந்திருக்கும். வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு, புத்தகம் சொல்லும் வேகத்தில் டைமிங் லைட்டால் வையுங்கள். பிறகு என்ஜின் வேகத்தை மெதுவாக ஏற்றிக்கொண்டே குறியைப் பாருங்கள், சீராக முன்னே நகர வேண்டும். ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு பிறகு தாவினால் கீழே எடைகள் துருப்பிடித்திருக்கின்றன. சீக்கிரமே முழு அட்வான்ஸுக்கு ஓடிவிட்டால் ஸ்பிரிங் தளர்ந்தது. மாட்யூல் இதையெல்லாம் சரிசெய்யாது. அது பாயிண்டின் இடத்துக்கு மட்டும்தான் வந்திருக்கிறது. ரோட்டாரைக் கழற்றி, நடுவில் இருக்கும் துணித் திரிக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள். பாயிண்ட் போனதும் அந்த எண்ணெயையும் எல்லாரும் மறந்துவிடுகிறார்கள்.

அறிகுறி: டாக்கோமீட்டர் பைத்தியம் பிடித்த மாதிரி ஆடுகிறது, அல்லது செத்துவிட்டது

ஸ்மித்ஸ் டாக்கோமீட்டர் என்றால் அதன் முகத்தில் சின்ன எழுத்தில் ஆர்.வி.ஐ. அல்லது ஆர்.வி.சி. என்று இருக்கும். ஆர்.வி.ஐ. காயிலுக்குப் போகும் கரண்டை எண்ணும், ஆர்.வி.சி. காயில் மைனஸில் வரும் வோல்ட்டேஜ் துடிப்பை எண்ணும். சாதாரண மாட்யூலோடு ஆர்.வி.சி. பெரும்பாலும் ஒத்துப்போகும். கப்பாசிட்டரில் சேர்த்த மின்சாரத்தைக் காயிலுக்குள் பாய்ச்சி ஸ்பார்க் தரும் வகைப் பெட்டிகளில் டாக்கோமீட்டருக்கென்று தனி முனை இருக்கும், அதில்தான் இணைக்க வேண்டும். ஆர்.வி.ஐ.-க்கு அந்த வகைப் பெட்டி ஒத்தே வராது. ஆர்.வி.ஐ. வழியாகக் காயில் கரண்ட் தொடராகப் போகும் வண்டிகளில், டாக்கோமீட்டரின் பின்னால் ஒரு முனை தளர்ந்தால் என்ஜினே நின்றுவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்பார்க் இல்லை என்று பானெட்டுக்குள் தேடுபவர்கள் டாஷ்போர்டுக்குப் பின்னால் தேடுவதில்லை.

அறிகுறி: சாவியை எடுத்த பிறகும் என்ஜின் ஓடுகிறது

திக்கித் திக்கி, உதறிக்கொண்டு ஓடினால் அது சிலிண்டருக்குள் கரி சிவந்து எரிவது, இக்னிஷன் அல்ல. எதுவுமே நடக்காத மாதிரி சீராக ஓடினால், ஆல்டர்னேட்டரிலிருந்து சார்ஜ் விளக்கின் வழியாகப் பின்வாசலில் கரண்ட் வருகிறது. அந்தச் சிறிய கரண்டே மாட்யூலை விழிக்க வைக்கப் போதும். விளக்கு வயரில், ஆல்டர்னேட்டர் பக்கம் மட்டும் கரண்ட் போக விடுகிற திசையில் ஒரு டயோடு போட்டால் நின்றுவிடும்.

அறிகுறி: மாட்யூல் மாற்றியும் மறுபடி போகிறது

இரண்டாவது மாட்யூலும் போனால் மூன்றாவதை வாங்காதீர்கள். கொல்வது எது என்று தேடுங்கள். என்ஜின் ஓடும்போது, வேகம் ஏற்றியபடி பாட்டரியில் அளவெடுங்கள். 14.5 வோல்ட்டுக்கு மேல் போய்க்கொண்டே இருந்தால் ரெகுலேட்டர் பழுது. டைனமோவும் பழைய கண்ட்ரோல் பாக்ஸும் இருக்கும் வண்டிகளில் இது அதிகம். ஓடும் என்ஜினில் பாட்டரி முனையைக் கழற்றிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் அன்றே விட்டுவிடுங்கள், அந்த ஒரு நொடியில் எழும் வோல்ட்டேஜுக்கு எந்த மாட்யூலும் தாங்காது. பாடியில் வெல்டிங் வைக்கும்போது மாட்யூலின் வயர்களைக் கழற்றிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் விட அதிகம் கொல்வது, என்ஜின் ஓடாமல் சாவி மட்டும் போட்டபடி கிடப்பது. நானே ஒரு மாட்யூலை இப்படி இழந்தேன். இண்டிகேட்டர் ஏன் எரியவில்லை என்று பார்க்கச் சாவியைப் போட்டுவிட்டு டாஷ்போர்டுக்குக் கீழே படுத்திருந்தேன். இருபது நிமிஷம் இருக்கும். தார் உருகும் வாசனை வந்த பிறகுதான் எழுந்து பானெட்டைத் திறந்தேன். என்ஜின் நின்ற இடத்தில் மாட்யூல் காயிலை இயக்கியபடியே இருந்திருக்கிறது. மூன்று ஓம் காயிலில் தொடர்ந்து 50 வாட், ஒரு சால்டரிங் கம்பியின் சூடு. காயிலின் மூடி ஓரத்தில் எண்ணெய் கசிந்திருந்தது, மாட்யூலின் முதுகில் பிசின் உப்பி வெடித்திருந்தது. இண்டிகேட்டரில் போயிருந்தது ஒரு ஃபியூஸ். அதற்குப் பிறகு, சாவி போட்டுச் செய்யும் எந்த வேலைக்கும் முதலில் மாட்யூலின் பிளஸ் வயரைப் பிடுங்கிவிடுகிறேன். அது சுலபமாகப் பிடுங்க வரும்படி ஸ்பேட் முனையாக கிரிம்ப் செய்து வைத்திருக்கிறேன்.

கழற்றிய பாயிண்டைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதன் தட்டோடு சேர்த்து, நன்றாக வேலை செய்த அந்தப் பழைய கண்டென்சரையும் ஒரு பெட்டியில் போட்டு வண்டியிலேயே வையுங்கள். இன்று வரும் புதுக் கண்டென்சர்களை விட ஓடிப் பழகியதையே நான் நம்புகிறேன். லூகாஸ் பாயிண்டின் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர். அதற்கு ஒரு ஃபீலர் இலை, காந்தம் வைத்த ஒரு குட்டி ஸ்குரூடிரைவர், தட்டின் எர்த் வயர் ஒன்று உபரியாக. ஸ்குரூ டிஸ்ட்ரிபியூட்டருக்குள் விழாமல் இருக்க, கழற்றும் முன் தண்டைச் சுற்றி ஒரு துணியைத் திணித்துக்கொள்ளுங்கள்.